நெல்லையப்பன் சொன்னதும் நான் டைப் அடிக்காததும்

போன மாதம் கல்கத்தா டாலிகஞ்சில் என் வீட்டுக்கு மூன்று இளம் டாக்டர்கள் வந்தார்கள். கையில் ஓர் அச்சடித்த படிவம். மறதி நோய் தொடங்கிய பெரியவர்கள், புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தங்களுக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டுமாம். "ஆன்ட்டி, நீங்க வேலை பார்த்த டாக்டர் இதை எழுபதுகளிலேயே செஞ்சார்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார்கள்.

படிவத்தைப் புரட்டினேன். எல்லாம் கட்டங்கள். வேண்டும் என்றால் இங்கே டிக், வேண்டாம் என்றால் அங்கே டிக். கடைசிப் பக்கத்தின் அடியில் 'இதர குறிப்புகள்' என்று ஒன்றரை வரி விட்டிருந்தார்கள். மனிதர்கள் முக்கியமானதையெல்லாம் அந்த ஒன்றரை வரியில்தான் சொல்லுவார்கள் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? டீயும் முறுக்கும் கொடுத்து, "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் பேசினால் எங்கெங்கோ போவேன். எழுதினால் கொஞ்சம் ஒழுங்கு வரும். அது தொழில் பழக்கம்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. ஸ்டெனோ.

தஞ்சாவூரில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மதராஸி ஸ்டெனோ என்றால் அப்போது இங்கே நல்ல பெயர். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார்கள், எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று. ராஷ்பிஹாரி பக்கத்தில் டாக்டர் சான்யாலின் சேம்பரில் வேலை கிடைத்தது. முதல் நாள் மாலை டாக்டர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டி, "முடி சாப்பிடுவாயா?" என்று கேட்டார். வேலையை அன்றைக்கே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வங்காளத்தில் முடி என்றால் அரிசிப்பொரி என்று அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. மற்ற வங்காளிப் பேச்செல்லாம் அதற்குப் பின்னால் ஒரு வருஷத்தில் தானாக வந்துவிட்டது. டாக்டருக்கு மட்டும் கடைசிவரை 'வசந்தா' வரவில்லை. பதினெட்டு வருஷம் நான் 'பொஷந்தா'வாகவே வேலை பார்த்தேன்.

டாக்டர் பெரிய உருவம், சின்னக் குரல். பொரி தின்றுகொண்டேதான் கடிதம் சொல்லுவார். வாக்கியத்துக்கு நடுவில் வரும் கரகரப்பை நான் கமாவாக எழுதிக்கொள்வேன். வயதானவர்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். எவ்வளவு குழம்பிப்போன நோயாளி உள்ளே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். புத்தி தடுமாறும் கிழவர்களைப் பற்றி வங்காளிகள் கேலியாகச் சொல்லும் 'பீமரதி' என்ற வார்த்தையை யாராவது சேம்பருக்குள் சொன்னால், "வெளியே நல்ல காற்று வருகிறது, கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்" என்பார். நோயாளியைக் கேட்ட கேள்விக்கு மகனோ மருமகளோ பதில் சொன்னால், "உங்கள் வாய் ஆரோக்கியமாக இருக்கிறது. நான் பார்க்க வேண்டியது இவருடையதை" என்பார். பாதிக் குடும்பங்கள் எங்கள் வாசலில் நின்றுதான் வைத்தியம் பார்த்துக்கொண்டன.

பவானிபூரில் ஒரு வீட்டுக்குப் போய்வந்ததில் ஆரம்பித்தது இந்த எழுத்து வேலை. அங்கே நினைவு முழுக்கப் போன ஓர் அம்மாள், மூக்கில் குழாய், கைகள் இரண்டும் கட்டிலோடு துணியால் கட்டி. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதாம். கட்டிலின் இந்தப் பக்கம் மூத்த மகன், "அம்மா உயிரோடு இருக்கத்தான் ஆசைப்படுவாள்" என்கிறார். அந்தப் பக்கம் இளையவர், "அம்மா இதைப் பார்த்தால் நம்மை மன்னிக்கவே மாட்டாள்" என்கிறார். அம்மாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பும் வழியில் டிராமை விட்டு இறங்கும்போது டாக்டர் சொன்னார்: "ஒரே வீட்டில் இரண்டு அம்மாக்கள், பொஷந்தா. ஆளுக்கு ஒருத்தியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். நிஜமானவளை யாரும் கேட்டு வைக்கவில்லை."

அடுத்த வாரமே முறை ஒன்று வகுத்தார். மறதி தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் பேசிப் புரியவைக்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று காலைகள். மூன்றும் வேறு வேறு வாரங்களில், காலை பத்து மணிக்கு, வயிறு நிறைந்த பிறகு. அந்த நேரத்தில்தான் அவர்களுக்குத் தலை தெளிவு. வீட்டார் எல்லோரும் முனை டீக்கடைக்குப் போய்விட வேண்டும். நான்கே கேள்விகள். உங்களுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். எப்படிப்பட்ட நாள் உங்களுக்கு நல்ல நாள்? உங்களால் சொல்ல முடியாமல் போகும்போது உங்களுக்காக யார் பேச வேண்டும்? உங்களை என்ன செய்யவே கூடாது?

என் வேலை, சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எடுப்பது. நான் படித்தது இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட்தான். ஆனால் அது எழுத்தை எழுதுவதில்லை, ஒலியை எழுதுகிறது. அதனால் வங்காளியும் தமிழும் அதிலேயே எழுதினேன். ழகரத்துக்குக் கோடு கிடையாது. நானே ஒரு சின்னக் கொக்கி போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் காலை முடிவில் எழுதியதை நான் திரும்ப வாசிக்க வேண்டும். அதில் டாக்டர் ஒரு குறும்பு வைத்திருந்தார். நடுவில் அவர்கள் சொல்லாத ஒன்றைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுவார். "மேலும், எனக்குச் சைக்கிளில் காசிக்குப் போக ஆசை." அதற்கும் தலையாட்டினால் அன்றைய கணக்கு செல்லாது. ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர் நான்கு தடவை மரியாதையாகத் தலையாட்டினார். ஐந்தாம் தடவை, "எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே அம்மா" என்றார். டாக்டர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை என்று டாக்டரே முதலில் சொல்லிவிடுவார். "கோர்ட்டுக்காக இல்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு அப்பாவைத் தயார் செய்யாமல் இருக்க."

இனி நெல்லையப்பன்.

எழுபதுகளின் பின்பாதி. மெட்ரோவுக்காக ஊரைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஹவுராவிலிருந்து எங்கள் சேம்பருக்கு வருவதற்குள் பாதிப்பேருக்குத் தலைசுற்றல் வந்துவிடும். அப்படி வந்தார்கள் சாந்த்ராகாச்சியிலிருந்து மூன்று பேர். ரயில்வே யார்டு மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நெல்லையப்பன், அவர் மனைவி பிச்சம்மாள், பிச்சம்மாளின் தம்பி ஆவுடையப்பன். மூவரும் திருநெல்வேலிக்காரர்கள். ஆவுடையப்பனுக்கு லேக் மார்க்கெட்டில் அப்பளம், வத்தல், புளி விற்கும் கடை. எங்கள் டாக்டர் பெயரைச் சொன்னதும் அவர்தான்.

நெல்லையப்பன் இரண்டு தடவை வீட்டில் சொல்லாமல் யார்டுக்குப் போய், ஷண்டிங் என்ஜினுக்கு முன்னால் நின்று கையசைத்திருக்கிறார். பழைய டிரைவர் ஒருவர் என்ஜினை நிறுத்தி, சலாம் வைத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டாராம்.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டார்.

"மறதிதான் டாக்டர், முந்தாநாள் செருப்பைக் கொண்டுபோய் அரிசிப் பானையில..." என்று பிச்சம்மாள் ஆரம்பித்தார்.

"அவரைக் கேட்டேன்."

"அவுகளுக்கு அதுதான் சொல்லத் தெரியாதே. நேத்து சாயங்காலம்..."

டாக்டர் கதவைக் காட்டினார். பிச்சம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தம்பி அக்காவை டீக்கடைக்கு அழைத்துப்போனார். போகிற வழியெல்லாம் அந்த அம்மாள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நெல்லையப்பன் அது தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "யார்டுல வண்டியெல்லாம் நிக்கி. ஒண்ணும் காணாமப் போகலை. எது எந்த லைன்ல நிக்கின்னுதான் தெரியலை." நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் பொரியைக் கீழே வைத்தார். அது அபூர்வம்.

மூன்று காலைகளும் முறைப்படி நடந்தன. நல்ல நாள் எது என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. குளித்திருக்க வேண்டும், வேட்டி சுத்தமாக இருக்க வேண்டும், இட்லியைத் தன் கையால் பிட்டுத் தின்ன வேண்டும், யார்டில் வண்டி கோக்கும் சத்தம் காதில் விழ வேண்டும். செய்யக் கூடாதது மூன்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, கையைக் கட்டக் கூடாது, மூக்கில் குழாய் கூடாது. "என்ஜினுக்குத் தண்ணி ஊத்துத மாதிரி எனக்கு ஊத்தப்படாது."

யார் பேச வேண்டும் என்பதில்தான் எனக்குப் பென்சில் நின்றுபோனது.

"ஆவுடை."

"உங்கள் மனைவி இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். பம்பாயில் ஒரு மகன் வேறு இருந்தான்.

"என் வீட்டுக்காரி என் மேல உசிரையே வச்சிருக்கா டாக்டர். அதனால நான் சொல்லுதது அவ காதுலயே விழாது. ஆவுடை அப்படி இல்ல. எங்க கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரம் அம்பாசமுத்திரமா கல்லிடைக்குறிச்சியான்னு முப்பது வருஷமா என்கூடச் சண்டை போடுதான். நான் எந்த வருஷம் என்ன சொன்னேன்னு திருப்பி அடிக்கிறதுக்காகவே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். அவனை மாதிரி என் பேச்சைக் கேட்ட ஆளு வேற யாரு?"

வாசிப்பில் காசி சைக்கிளும் வந்தது. நெல்லையப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரயில்வே பாஸ் வச்சிருக்கவன் எதுக்குத் தாயி சைக்கிள்ல போறான்? மறதி எனக்கா உனக்கா?"

டைப் அடித்த காகிதத்தில் ஆவுடையப்பன் தம் பெயரைப் பார்த்ததும் அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். பிச்சம்மாளுக்குக் கோபம். "நாப்பது வருஷம் பொங்கிப் போட்டவ நான், பேசுதவன் இவனா?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் பெயரை மாற்றி அடித்துவிட்டதுபோல. ஒரு மாதம் தம்பியோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தது அந்தக் குடும்பத்துக்கே புதுச் செய்தி.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். டாக்டர் மாதம் ஒருமுறை சாந்த்ராகாச்சிக்குப் போவார், நானும் கூடப் போவேன். நெல்லையப்பன் மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் துக்கமாகப் போகவில்லை. தம் வீட்டை அவர் ஒரு வெயிட்டிங் ரூம் என்று முடிவு செய்துகொண்டார். மனைவியிடம் மிகவும் மரியாதையாக, "மேடம், நீங்க எந்த வண்டிக்குக் காத்திருக்கிய?" என்று கேட்பார். முதல் தடவை பிச்சம்மாள் அடுப்படிக்குள் போய் அழுதாராம். பிறகு, "திருநெல்வேலி பாசஞ்சர். லேட்டுன்னு சொல்லுதாவ" என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டார். "அப்போ உக்காருங்க, நான் விசாரிச்சுச் சொல்லுதேன்" என்பார் இவர்.

ஆவுடையப்பன் ஞாயிறு தவறாமல் கடையை மூடிவிட்டு அங்கே வருவார். வந்து உட்கார்ந்ததும், "அத்தான், அம்பாசமுத்திரம்தான்" என்பார். நெல்லையப்பன் சிரிப்பார். அவருக்கு அம்பாசமுத்திரமும் போய்விட்டது, கல்லிடைக்குறிச்சியும் போய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "'போடா, கல்லிடைக்குறிச்சி'ம்பிய. நீங்க அப்படித்தான் சொல்லுவிய" என்று ஆவுடையப்பனே இரண்டு பக்கமும் சண்டை போடுவார். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்போது எனக்கு வயதும் குறைவு, புத்தியும் குறைவு.

பிறகு ஒரு புரட்டாசி மாதம் நெல்லையப்பனுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. டாக்டரின் மருந்தில் காய்ச்சல் தணிந்தது. ஆனால் சாப்பாடு நின்றுபோனது. வாயில் வைத்ததை முழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பார், அல்லது புரையேறும். பம்பாயிலிருந்து மகன் வந்துவிட்டான். ஹவுராவில் ஒரு நர்சிங்ஹோமில் பேசி, கட்டில் ஏற்பாடு செய்து, மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்று முடிவும் செய்துவிட்டான். ஆவுடையப்பன் எங்களுக்குப் போன் செய்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. கரண்ட் இல்லை. பிச்சம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மகன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. அப்பாவை வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பவன், பார்க்காத நாளுக்கெல்லாம் சேர்த்துச் செய்யத் துடித்தான்.

டாக்டர் முதலில் நோயாளியிடம்தான் போனார். எத்தனை முறை எழுதி வாங்கியிருந்தாலும், கடைசி நிமிஷத்தில் ஆளை ஒருமுறை கேட்க வேண்டும் என்பது அவர் விதி. "நெல்லை பாபு, உங்களுக்கு என்ன செய்யட்டும்?" நான் தமிழில் கேட்டேன். நெல்லையப்பன் எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். "வண்டி லேட்டா?" என்றார். "இல்லை சார்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஆவுடையப்பனை நோக்கித் திரும்பினார். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த டைப் அடித்த காகிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தது. வாசிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி கூடாது. கையைக் கட்டக் கூடாது. மூன்றாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். காகிதத்தை மடித்தார்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தின பேச்சு. அத்தான் இப்போ மாத்திச் சொல்லுவாக."

"எப்போது சொன்னார்?" என்று டாக்டர் கேட்டார்.

"சொல்லலை. சொன்னா மாத்தித்தான் சொல்லுவாக. குழாயைப் போடுங்க டாக்டர்."

"மாமாவே சொல்றார், அப்புறம் என்ன?" என்றான் மகன்.

"ஆவுடையப்பன் பாபு, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று சொல்லத்தான் உங்களை வைத்தார்."

அந்த முரட்டு மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவுகளும் போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?" என்று கேட்டுவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கட்டில் கால் ஆடுகிற அளவுக்கு அழுதார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் காலை, வாசிப்பெல்லாம் முடிந்து, டாக்டர் கை கழுவப் போயிருந்தார். நெல்லையப்பன் வாசல்படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பழக்கதோஷம், கை எழுதிவிட்டது. ஆனால் டைப் அடிக்கும்போது அதை விட்டுவிட்டேன். வாசிப்புக்குப் பிந்தியது, செருப்பு மாட்டும்போது சொன்னது, போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னது. தமாஷ் என்று நானே தீர்மானித்துவிட்டேன். எதிர்க் கேள்வி கேட்காத மதராஸி ஸ்டெனோவின் லட்சணம் அது. கேள்வியே கேட்காமல் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

டைப் அடித்த காகிதத்தை டாக்டர் முழுக்க நம்பியதே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மூலக் குறிப்புப் புத்தகமும் கூட வர வேண்டும். அன்றும் என் பையில் இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். "டாக்டர், இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான்தான் விட்டுவிட்டேன்" என்றேன். அவர் "வாசி" என்று மட்டும் கையைக் காட்டினார்.

வாசித்தேன், அவர் சொன்ன தமிழிலேயே.

"'ஆவுடைக்கு வாய்தான் பெருசு. மனசு ரொம்ப எளசு. அந்த நேரத்துல அவன் அழுதுட்டான்னா அவன் பேச்சை எடுத்துக்கிடாதிய. சிக்னல் விழலைன்னா நாங்க கையில கொடியைப் பிடிப்போம்லா, அந்த மாதிரி என் வீட்டுக்காரிகிட்டக் கேளுங்க. அவ நான் சொன்னதைச் சொல்ல மாட்டா. அவளுக்கு என்ன தோணுதோ அதைத்தான் சொல்லுவா. இருக்கட்டும். அதுவும் எனக்குச் சம்மதம்னு எழுதிக்கோ தாயி.'"

விசிறி நின்றுவிட்டது.

முதலில் பேசியது ஆவுடையப்பன்தான். துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எளசா? என்னையா எளசுன்னாக?" என்றார். அவர் இருந்த இருப்பே பதிலாக இருந்தது.

டாக்டர் பிச்சம்மாளைப் பார்த்தார். எல்லாக் கேள்விக்கும் கேட்பதற்கு முன்னால் பதில் வைத்திருந்த அந்த அம்மாள் பேசவே இல்லை. யார்டில் ஒரு வண்டி கோத்து, பிரிந்து, மறுபடி கோத்தது. "அம்மா, சொல்லும்மா" என்று மகன் அவசரப்படுத்தினான். டாக்டர் விரலை உதட்டில் வைத்தார். நான் புத்தகத்தில் தேதியை எழுதிவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தேன். என் வேலையில் அவ்வளவு நீளமான காலி இடத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னார், எங்களைப் பார்த்து இல்லை. "குழாய் வேண்டாம். பட்டினியும் போடமாட்டேன். உங்க வாயை நான் பாத்துக்கிடுதேன்."

எழுந்து அடுப்படிக்குப் போய், கருப்பட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். டாக்டர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்காரவைக்க வேண்டும். தாடை கீழ்நோக்கி இருக்க வேண்டும். அரைக் கரண்டிக்கு மேல் கூடாது. தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. வாயை மூடிக்கொண்டால் அதோடு நிறுத்த வேண்டும். "அவருக்கு இப்போது இருக்கிற பேச்சு அது ஒன்றுதான். அதை மட்டும் மீறாதீர்கள்" என்று சொல்லச் சொன்னார். பிச்சம்மாள் தலையாட்டினார்.

முதல் இரண்டு கரண்டி வேட்டியில் வழிந்தது. மூன்றாவது உள்ளே போனது. ஆறு கரண்டி ஆனதும் நெல்லையப்பன் உதட்டை மூடிக்கொண்டார். பிச்சம்மாளின் கை அடுத்த கரண்டியோடு பாதி வழியில் நின்றது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல அது திரும்பிப் பாத்திரத்துக்குப் போனது. "மேடத்துக்கு ரொம்பச் சிரமம்" என்றார் நெல்லையப்பன்.

திரும்பும்போது ஹவுரா பாலத்தில் டாக்சி சிக்கிக்கொண்டு நகரவே இல்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டர் நதியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பொஷந்தா, இப்படி இன்னும் எத்தனை விட்டிருக்கிறாய்?"

திட்டியிருக்கலாம். அடுத்த மூன்று வாரம் சேம்பர் முடிந்த பிறகு உட்கார்ந்து அலமாரியிலிருந்த எல்லாப் புத்தகங்களையும் மறுபடி வாசித்தேன். நான் தமாஷ் என்றும் உளறல் என்றும் முடிவுகட்டி விட்டவை பதினொன்று. பதினொன்றையும் டைப் அடித்து அந்தந்த வீட்டுக்கு அனுப்பினேன். அவற்றில் இரண்டு நிஜமாகவே தமாஷ்தான். அதையும் அனுப்பினேன். அன்றிலிருந்து நோயாளி கேட்டைத் தாண்டிப் போகும்வரை என் புத்தகம் மூடாது.

நெல்லையப்பன் அந்தக் கரண்டிக் கஞ்சியிலேயே நான்கு மாதம் இருந்தார். துர்கா பூஜை பார்த்தார். மகன் மறுபடி லீவு எடுத்து இரண்டு தடவை வந்து, கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு போனான். தை பிறந்த பிறகு ஒரு முற்பகலில், குளிப்பாட்டி வேட்டி மாற்றிய கையோடு, வீட்டுக் கட்டிலிலேயே இறந்துபோனார். மச்சினன் அப்போது பக்கத்தில்தான் இருந்தாராம். என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பிச்சம்மாள் எங்கள் சேம்பருக்கு வந்தார். சாந்த்ராகாச்சி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டோடு இருந்தார். ஆவுடையப்பன்தான் கூட்டிக்கொண்டு வந்து, சொல்லாமலே வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பழகியவர்.

"உங்களுக்கு மறதி ஒன்றும் இல்லையே" என்றார் டாக்டர்.

"வந்த பிறகு வந்தா என்னத்தைச் சொல்ல? இப்பவே எழுதிக்கிடுங்க."

உங்களுக்காக யார் பேச வேண்டும் என்றதும், "எதுக்கு? நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்லா" என்றார். டாக்டர் சிரித்ததில் பொரி புரையேறியது. செய்யக் கூடாதவை என்று ஒரு மணிநேரம் சொன்னார். என் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம். அதில் மருமகள் எந்தச் சேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உட்பட எல்லாம் இருந்தது. ஒன்றையும் நான் விடவில்லை.

"உங்களுக்கு நல்ல நாள் என்றால் எப்படி இருக்க வேண்டும்?" என்று டாக்டர் கேட்டார்.

பிச்சம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். நாற்பது வருஷமாகப் புருஷனின் நல்ல நாளுக்காகச் சமைத்தவர், சுத்தம் செய்தவர், விசிறியவர். மற்றவர்களுடைய நல்ல நாளைப் பற்றிக் கேட்டிருந்தால் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லியிருப்பார். "இதை யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார், மறந்துபோய்விடும் என்று பயந்தவர்போல. "காலையில ஒரு காப்பி. நான் போடாதது."

டாக்டர் பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு என்னிடம், "பொஷந்தா, இதற்கு இவர் நினைவு போகும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தனிக் காகிதத்தில் அடி" என்றார். "சம்மதமா?" என்று பிச்சம்மாளைக் கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உம்" என்றார்.

ஒரே வரி. அடித்து, கொண்டுபோய் வெளியே பெஞ்சில் இருந்தவரிடம் கொடுத்தேன். ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டெனோ அம்மா, சீனி எத்தனை கரண்டின்னு இதுல இல்லையே?"

பிறந்த நாளிலிருந்து அக்கா. அவருக்கும் தெரியவில்லை. நான் புத்தகத்தைத் திறந்துகொண்டு உள்ளே கேட்கப் போனேன்.